பதினேழாம் பக்கம், நான்காம் கட்டம்

ஒசாகா, ஜப்பான்
12-10-1981

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

மச்சான் எழுதுவது. நான் இங்கே சுகம். நீயும் உன் எண்ணூறு கோழிகளும் சுகமா?

போன கடிதத்தில் நன்றாகச் சண்டை பிடித்திருந்தாய். பண்ணையில் முட்டை பொறுக்கி முடித்தால் படிக்க ஒன்றுமில்லை, தீவன மூட்டையில் அச்சடித்திருப்பதைக்கூடப் படித்து முடித்தாயிற்று, ஜப்பான் போன மனுஷன் ஒரு புத்தகம் அனுப்பக்கூடாதா என்று. இதோ அனுப்புகிறேன். ஆனால் நீ நினைக்கிற மாதிரிப் புத்தகம் இல்லை. பார்த்துவிட்டுச் சிரிக்கக்கூடாது.

இங்கே வாரா வாரம் செங்கல் கனத்தில் ஒரு படக்கதைப் பத்திரிகை வருகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு என்றா நினைக்கிறாய்? டை கட்டின ஆபீசர்கள் ரயிலில் நின்றுகொண்டே படிக்கிறார்கள். படித்து முடித்ததும் சாமான் வைக்கும் தட்டில் போட்டுவிட்டு இறங்கிப் போய்விடுகிறார்கள். நம் ஊராக இருந்தால் அந்த ஒரு புத்தகம் பத்து வீடு சுற்றிவிட்டுத்தான் அடுப்புக்குப் போகும். மில்லில் இருந்து மெஷின் பயிற்சிக்கு வந்த எங்கள் இரண்டு பேருக்கும் காலையில் மொழி வகுப்பு. அங்கே சொல்லிக்கொடுக்கிற அம்மாள்தான் இதைப் படிக்கச் சொன்னார். கஷ்டமான எழுத்துக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் உச்சரிப்பு போட்டிருக்கும். பாடத்துக்கென்று ஆரம்பித்தேன். இப்போது திங்கட்கிழமை புதுப் பத்திரிகை வருகிற நாள் என்றால் எனக்கு மெஷினில் கை ஓடுவதில்லை.

அதில் ஒரு தொடரை மட்டும் கிழித்து அனுப்பியிருக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண், ஒரு பையன். அந்தப் பெயர்கள் உன் வாயில் நுழையாது. பெண்ணுக்குக் குப்பாயி, பையனுக்கு அருணகிரி என்று நானே வைத்துவிட்டேன். குப்பாயி ஜூடோ என்கிற மல்லுக்கட்டில் பள்ளிக்கே சாம்பியன். மூன்று ஆள் சாப்பாட்டை ஒரு ஆளாகச் சாப்பிடுவாள், கணக்கில் முட்டை. அருணகிரி கண்ணாடி போட்ட ஒல்லிப் பிச்சான், வகுப்பில் முதல், நாயைக் கண்டால் மதில் ஏறிவிடுவான். அவனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. குப்பாயி மிதிக்க, இவன் பின்னால் அவள் புத்தகப் பையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகிறான். இப்படி ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு கதைக்காரர் என்ன பாடு படுத்துகிறார் பார்.

வாயிலிருந்து கிளம்பும் வட்டத்துக்குப் பக்கத்தில் எல்லாம் பென்சிலால் தமிழில் எழுதியிருக்கிறேன். ஒரு முக்கியமான விஷயம்: வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் படிக்க வேண்டும்.

உன் மச்சான்,
சென்னிமலை


ஜேடர்பாளையம்
4-11-1981

மச்சானுக்கு சௌந்திரம் எழுதிக்கொண்டது. எண்ணூறில் ஆறு போக மீதி எல்லாம் சுகம்.

முக்கியமான விஷயத்தைக் கடைசி வரியில் எழுதுகிற பழக்கத்தை நீங்கள் ஜப்பான் போயும் விடவில்லை. கட்டைப் பிரித்ததும் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு நான் இடது பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டேன். அருணகிரி மதிலை விட்டு இறங்குகிறான், அப்புறம் ஏறுகிறான், அப்புறம்தான் நாய் வருகிறது. இந்தப் பையனுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கடிதத்தை முடித்த பிறகுதான் கோளாறு எங்கே என்று தெரிந்தது.

மறுபடி வலது பக்கமிருந்து படித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோழிகள் மிரண்டு ஓடியதில் இரண்டு முட்டை போயிற்று, அது உங்கள் பாவம். பண்ணையில் என்னோடு வேலை செய்கிற சின்னாயிக்கு எழுத்துத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். அவளுக்குக் குப்பாயியை ரொம்பப் பிடித்துவிட்டது. "பொம்பளப்புள்ளைன்னா இப்படி இருக்கோணும் அம்மிணி" என்கிறாள். பக்கங்களைத் தீவனச் சாக்கு தைக்கிற சணலால் கோணி ஊசி போட்டுத் தைத்து, அட்டையும் போட்டுவிட்டேன். இனி வருவதையெல்லாம் அதோடு சேர்த்துத் தைக்கப் போகிறேன்.

அருணகிரியைப் பார்த்தால் எனக்கு யாரோ ஞாபகம் வருகிறது. குப்பாயி போட்டியில் ஜெயித்துவிட்டு வந்து நிற்கிறாள், இவன் என்னவோ சொல்ல வாயைத் திறக்கிறான், கடைசியில் "உன் ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கு" என்கிறான். நீங்கள் கிளம்பிய அன்று பரமத்திவேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் அரை மணி நேரம் என் எதிரில் நின்றார். பஸ் வந்து படியில் கால் வைத்த பிறகு, "கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை மறந்துடாதே" என்றார். மறக்கவில்லை, போட்டாயிற்று.

உங்கள் அம்மா, என் அத்தை, திருச்செங்கோட்டில் சுகமாக இருப்பதாக ஆள் மூலம் கேள்விப்பட்டேன். சித்தப்பா கல்யாணத்தில் அத்தை வர நேரமாகிவிட்டது என்று, மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் உட்கார வேண்டிய இணைச்சீரில் ஒன்றுவிட்ட அக்காவை உட்கார வைத்தார்கள். கூடப்பிறந்தவள் இருக்கும்போது இன்னொருத்தி அந்த இடத்தில் உட்காரலாமா என்று அத்தை கை நனைக்காமல் திரும்பிப் போய் எட்டு வருஷம் ஆகிறது. அத்தையும் அப்பாவும், அக்கா தம்பி இரண்டு பேரும், இன்னும் பேசுகிறபாடில்லை. உங்கள் கடிதம் வந்தால் மட்டும் அப்பா, "என்னாங்கறான் அக்கா மவன்?" என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார். கோழித் தடுப்பூசி பற்றி எழுதியிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த கட்டு எப்போது?

சௌந்திரம்


ஒசாகா
21-2-1982

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

இங்கே பனி. மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் ஆற்று மணலில் வெறுங்காலோடு ஒரு நடை நடந்தால் தேவலை என்றிருக்கிறது.

இத்துடன் ஆறாவது கட்டு. இதில் அருணகிரிக்குக் காய்ச்சல். குப்பாயி அவனைப் பார்க்க வருகிறாள், வரும்போது அவனுக்கென்று வாங்கிய பழத்தை வழியிலேயே தின்றுவிட்டு வெறும் பையோடு நிற்கிறாள். அந்தப் படத்தில் அவள் முகத்தைப் பார். நான் குளிக்கிற இடத்தில் நினைத்துக்கொண்டு தனியாகச் சிரித்து, பக்கத்து அறைக்காரன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அப்புறம் என்ன கதை என்று கேட்டு அவனும் இப்போது திங்கட்கிழமைக்குக் காத்திருக்கிறான்.

ஏன் அவன் சொல்ல மாட்டேன் என்கிறான் என்று நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவள் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறான். இப்போதாவது சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகிறான். சொல்லி, அவள் வேண்டாமென்றால் நாளையிலிருந்து நடந்து போக வேண்டும். பள்ளிக்கூடம் மலை மேல் இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் நின்ற ஆளைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த ஆள் அதை நினைத்து ரொம்ப வருத்தப்படுகிறானாம்.

உன் மச்சான்,
சென்னிமலை


ஜேடர்பாளையம்
20-6-1982

மச்சானுக்கு,

பதினோராவது கட்டு வந்தது. புத்தகம் இப்போது ஒரு சாண் கனம். குப்பாயி வெளியூர்ப் பள்ளிக்கு மாறிப் போகப் போகிறாள் என்ற இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், பாவிகள். சின்னாயி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இனியும் அந்தப் பையன் வாயைத் திறக்காவிட்டால் நேரில் போய் நாயை அவிழ்த்துவிடுவேன் என்கிறாள்.

இங்கே ஒரு செய்தி. போன வாரம் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பெயர் கருப்பண்ணன். கெங்கவல்லியில் விவசாய ஆபீசில் உத்தியோகம். மரியாதையான மனுஷர். காபியைக் குடித்துவிட்டு, "கோழிக்கு அடியில கடலைத் தொப்பி பரப்பறீங்களா, உமி பரப்பறீங்களா?" என்று என்னிடம் நேராகவே கேட்டார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அப்பா என்னிடம், "யோசிச்சுச் சொல்லு சாமி, அவசரமில்லை" என்றார். நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மச்சான், எனக்கு அடுத்த கட்டு ஆடி பதினெட்டுக்குள் வந்தாக வேண்டும். பெருக்குக்கு அணைக்குப் போவோம், அங்கே மணலில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அருணகிரி இந்தத் தடவை சொல்கிறானா, இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். எதற்கு இத்தனை அவசரம் என்று கேட்காதீர்கள். என் பொறுமை அந்த நாள் வரைக்கும்தான்.

சௌந்திரம்


ஒசாகா
19-7-1982

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

நீ கேட்டபடி பன்னிரண்டாவது கட்டு. பெருக்குக்கு முன்னால் வந்து சேரும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள்.

கருப்பண்ணன் என்கிறவரைப் பற்றிப் படித்தேன். மரியாதையான மனுஷர் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம்.

நம் ஊரில் ஆடி பிறந்து மூன்று நாள் ஆகிறது இல்லையா? அம்மா எனக்குக் கடிதத்தில், ஆடியில் எந்த நல்ல காரியத்தையும் தொடங்காதே என்று எழுதியிருக்கிறார். புது மெஷினை ஓட்டிப் பார்க்கக்கூட யோசித்தேன், ஜப்பான்காரர் காரணம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அதனால் இந்தக் கட்டில் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்காதே. ஸ்டேஷனில் மழை பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆவணி பிறக்கட்டும், நல்லதாக எழுதுகிறேன்.

பெருக்கன்று தண்ணீரில் ஆழத்துக்குப் போகாதே.

உன் மச்சான்,
சென்னிமலை


ஜேடர்பாளையம்
5-8-1982

மச்சானுக்கு,

கட்டு பெருக்குக்கு மூன்று நாள் முன்பே வந்துவிட்டது. நான் பிரிக்கவில்லை. சொன்னபடி அணைக்குக் கொண்டுபோய், எல்லோரும் ஆற்றில் இறங்கிய பிறகு மணலில் உட்கார்ந்து, சின்னாயியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரித்தேன்.

ரயில் வருகிறது. குப்பாயி பெட்டியோடு நிற்கிறாள். இவன் ஓடி வருகிறான். ஒரு நாய் குறுக்கே படுத்திருக்கிறது, அதைத் தாண்டிக் குதித்து வருகிறான். பதினேழாம் பக்கம், நான்காம் கட்டம். கண்ணாடியெல்லாம் மழைத்தண்ணீர். முகம் சிவந்ததைக் காட்டக் கன்னம் முழுவதும் கோடு போட்டிருக்கிறார்கள். வாயைத் திறக்கிறான். உங்கள் கையெழுத்தில், "குடையை எடுத்துக்கிட்டுப் போ, மழை வரும்."

சின்னாயி என் கையைப் பிடித்து ஆட்டினாள். "பையன் சொல்லிப்போட்டான் அம்மிணி!" என்றாள். இல்லை, குடையைப் பற்றித்தான் சொல்கிறான் என்று படித்துக் காட்டினேன். "அதெப்படீங்க, இந்த மூஞ்சிக்கு அந்தப் பேச்சா? ஏற்கெனவே மழை கொட்டுதே" என்றாள். எழுதியிருப்பதைத்தானே நம்ப வேண்டும் என்று அவளை அதட்டிவிட்டேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, பாவம்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் எனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டேன். ஆடியில் பெருக்கு ஒன்றுதான் நல்ல நாள், அன்றைக்கே வார்த்தை கொடுத்தால் நல்லது என்று அம்மா சொன்னார். கோயிலில் பூக் கேட்டார்கள், நல்ல குறியாக வெள்ளைப் பூ வந்தது. ஆவணியில் கல்யாணம்.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை மச்சான். வருத்தம்தான். குடையைப் பற்றிப் பேசுவதற்கா அவ்வளவு தூரம் ஓடி வந்தான்?

சௌந்திரம்


ஒசாகா
17-8-1982

என் அன்பான சௌந்திரத்துக்கு,

இன்று ஆவணி முதல் தேதி. காலையில் எழுந்து குளித்து, விபூதி பூசிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதிய கையோடு வேலைக்குப் போகிற வழியில் தபாலில் போட்டுவிடுவேன். இல்லாவிட்டால் எனக்குத் தைரியம் போய்விடும்.

நான் உன்னிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். பதினேழாம் பக்கம், நான்காம் கட்டத்தில் அருணகிரி குடையைப் பற்றிப் பேசவில்லை. அவன் சொல்லிவிட்டான். "உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு, போகாதே" என்று பச்சையாகச் சொல்லிவிட்டான். பத்திரிகை வந்த அன்று எங்கள் விடுதியே கைதட்டியது.

பென்சிலை எடுத்து அதைத் தமிழில் எழுதப் போனேன். என் கையெழுத்தில் அந்த வரி இருந்தால் அது அருணகிரி சொன்னதாக இருக்காது, நான் சொன்னதாக ஆகிவிடும். ஆடி வேறு பிறந்துவிட்டது. இந்த வார்த்தையைக் கெட்ட மாசத்திலா தொடங்குவது, ஒரு மாசம்தானே, ஆடியில் நம் ஊரில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்கப் போவதில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கை தன்பாட்டுக்குக் குடை என்று எழுதிவிட்டது.

இப்போது எழுதுகிறேன். சௌந்திரம், உன்னை எனக்குப் பிடிக்கும். இந்தப் படக்கதைக்கெல்லாம் வெகு காலம் முன்பிருந்தே பிடிக்கும். பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரமும் இதைத்தான் சொல்லப் பார்த்தேன். அம்மாவையும் மாமாவையும் பேச வைப்பது என் பொறுப்பு. கெங்கவல்லிக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஒரு ரப்பரை எடுத்து அந்தக் குடையை அழித்துவிட்டு, மேலே உள்ள வரியை உன் கையால் எழுதிக்கொள்.

பதினோரு மாசத்தில் முதல் தடவையாக எனக்கு இங்கே பசிக்கிறது.

சென்னிமலை


செவ்வாய்ப்பேட்டை, சேலம்
2-7-1989

சௌந்திரத்துக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் முகவரியை மாமாவிடம் வாங்கினேன்.

அந்த ஆவணி முதல் தேதியன்று நான் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வேலை முடிந்து திரும்பினால், விடுதியில் உன் ஆடிப்பெருக்குக் கடிதம் காத்திருந்தது. அதன் பிறகு உன்னிடமிருந்து கல்யாணப் பத்திரிகை மட்டும்தான் வந்தது. என் கடிதம் உன் கைக்குக் கிடைத்ததா என்றுகூட இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. கேட்கவும் வாயில்லை.

மில் வேலையை விட்டுவிட்டு இங்கே மெஷின் உதிரி பாகங்களுக்குக் கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். என் தங்கை இணைச்சீரில் உட்கார்ந்தபோது அம்மா எழுந்து போய் மாமா கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பன்னிரண்டு வருஷச் சண்டை ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. இவ்வளவுதானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன வாரம் கடை மாற்றும்போது பழைய பெட்டியைத் திறந்தேன். அந்தக் கதையின் மீதிப் பக்கங்கள் கடைசி வாரம் வரைக்கும் என்னிடம் இருக்கின்றன. திரும்பி வருகிற வரைக்கும் கிழித்துக் கிழித்து வைத்திருந்தேன். முடிவு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது என்பது உறுத்துகிறது. உனக்கு ஒரு மகள் இருப்பதாக மாமா சொன்னார். அனுப்பட்டுமா? இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்புகிறேன்.

சென்னிமலை


கெங்கவல்லி
15-7-1989

மச்சானுக்கு சௌந்திரம் எழுதிக்கொண்டது.

எல்லோரும் சுகம். அவர் நல்லவர். நினைப்பதை அப்போதே சொல்லிவிடுகிற மனுஷர், குழம்பில் உப்பு இல்லை என்றாலும் சரி, இந்தச் சேலை உனக்கு நன்றாக இருக்கிறது என்றாலும் சரி. அதற்குப் பழக எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

உங்கள் ஆவணிக் கடிதம் கிடைத்தது. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. கோழிப் பண்ணையில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். அந்தக் கடிதத்துக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஆடி பதினெட்டுக்குள் கட்டு வேண்டும் என்று உங்களுக்கு எழுதியதற்கு முதல் நாள் அப்பா தீவன மூட்டை மேல் வந்து உட்கார்ந்தார். "அவன் என்ன எழுதறான்னு எனக்குத் தெரியாதா சாமி? தடுப்பூசிக்கு இத்தனை கட்டா வரும்? அவன் வாயால ஒத்த வார்த்தை கேக்கட்டும். நானே அக்கா ஊட்டு வாசல்ல போயி நிக்கறேன், இணைச்சீரு சங்கதிக்கு மன்னாப்பும் கேட்டுக்கறேன். ஆனா வார்த்தை அவங்கிட்ட இருந்து வரோணும்" என்றார். அடுத்த கட்டு வரட்டும் அப்பா, பெருக்கன்று பதில் சொல்கிறேன் என்றேன். அதனால்தான் அத்தனை அவசரம்.

தப்பை உங்கள் தலையில் மட்டும் கட்டவில்லை. எனக்கும் எழுதத் தெரியும். அருணகிரி சொல்வானா என்று கேட்டேனே தவிர, நீங்கள் சொல்வீர்களா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. பெண்பிள்ளை கேட்டு வாங்கினதாக ஆகிவிடுமே என்று இருந்தது. கடிதம் வந்த பிறகும் ஒன்பது நாள் இருந்தது. நிறுத்தியிருக்கலாம். அப்பா கொடுத்த வார்த்தை, பந்தலுக்கு வந்து இறங்கிவிட்ட மூங்கில், இதையெல்லாம் நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். நம் இரண்டு பேரில் யார் அருணகிரி என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மீதிப் பக்கங்கள் வேண்டாம் மச்சான். சின்னாயி விடாமல் கேட்டதால் முடிவை நானே அவளுக்குச் சொல்லிவிட்டேன். குப்பாயி வேறு ஊரில் கல்யாணம் செய்துகொண்டு நன்றாக இருக்கிறாள், அருணகிரி ஒரு நாய் வளர்க்கிறான் என்று. அவள் நம்பவில்லை. ஆனால் அந்த முடிவு எனக்குப் போதும். உங்களிடம் உள்ளதில் அவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்றால் அதைப் பார்க்க எனக்குத் திராணியில்லை. இனிமேல் கடிதமும் வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடுவதில்லை, அது இந்த வீட்டுக்கு நல்லதில்லை.

நீங்கள் சொன்னபடி ரப்பரை எடுத்து அந்த வரியை அன்றே அழித்தேன். புது வரியை எழுதவில்லை. எழுத எனக்கு உரிமையில்லாமல் போயிருந்தது. அந்த வட்டத்துக்குப் பக்கத்து இடம் இப்போதும் காலியாக இருக்கிறது.

புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. மகளுக்கு ஆறு வயது, இப்போதுதான் எழுத்துக்கூட்டுகிறாள். நேற்று பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் வந்ததும் என்னிடம் கொண்டு வந்தாள். "அம்மா, எல்லார் பக்கத்துலயும் எழுதியிருக்கு, இங்க மட்டும் ஒண்ணுமில்ல. இவன் என்ன சொல்றான்?" என்றாள்.

"குடையை எடுத்துக்கிட்டுப் போ, மழை வரும்கிறான், சாமி" என்றேன்.

அவள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பொய் சொல்றீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சௌந்திரம்